பிள்ளையாருக்கு விட்ட எலி

மண்ணச்சநல்லூர் அரிசி ஆலைகளில் பிச்சமுத்து எலி பிடிக்க வருகிறார் என்று தெரிந்தால், பாதி எலிகள் அன்றைக்கே சமயபுரத்துக்குக் குடிபெயர்ந்துவிடும். மீதியை அவர் பிடிப்பார். ஒன்றைத் தவிர.

அந்த ஒன்றை விடுவதுதான் முறை. எந்த ஆலையிலும் கடைசி எலியைப் பிடித்து வைத்துக்கொள்வதில்லை. முதலாளி அறையில் மாலை போட்டிருக்கும் பிள்ளையார் படத்துக்கு முன்னால் கூண்டை வைத்து, கதவைத் தூக்கி, "போயிட்டு வா தாயி" என்று அனுப்பிவிடுவார். அதற்குப் பிள்ளையார் பங்கு என்று பெயர். வேலைக்குக் கூப்பிடும்போது "ஒண்ணு விடாம பிடிச்சிடுப்பா" என்று சொல்கிற முதலாளிகளேதான், அந்த ஒன்று வெளியே ஓடும்போது கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். வாகனத்தைத் தீர்த்துக்கட்டிவிட்டால் பிள்ளையார் எதில் ஏறிப் போவார்? தவிர, எலியே இல்லாத ஆலைக்கு அடுத்த வருஷம் பிச்சமுத்துவை யார் கூப்பிடப் போகிறார்கள்? பக்தியும் பிழைப்பும் இவ்வளவு நெருக்கமாக ஒட்டி உட்கார்ந்திருப்பதை வேறு தொழிலில் பார்க்க முடியாது. முப்பத்தைந்து வருஷமாக அவர் இந்த முறையை ஒரு தடவைகூட மீறியதில்லை. அந்த ஒழுக்கம்தான் அவரைக் கவிழ்த்தது.

ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே, கொள்ளிடத்தின் நடுவில் ஒரு மணல் திட்டு உண்டு. நாணல் திட்டு என்பார்கள். கோடையில் ஆற்று ஆலாக்கள் அங்கே வந்து முட்டையிடும். மஞ்சள் மூக்கு, கறுப்புத் தொப்பி, கத்தரிக்கோல் வால். கூடு கட்டுகிற வழக்கமே அதற்குக் கிடையாது. மணலில் வயிற்றை வைத்து ஒரு சுற்றுச் சுற்றி, அந்தக் குழியில் முட்டையை வைத்துவிட்டு உலகத்தை நம்பும். உலகமும் ஒழுங்காகத்தான் இருந்தது. மூன்று வருஷத்துக்கு முந்தைய வெள்ளத்தில் ஒரு முழு வைக்கோல்போர் மிதந்து வந்து திட்டில் தட்டி நின்றது. அதன் உச்சியில் ஒரு சேவல் கூவிக்கொண்டே வந்ததை நொச்சியத்தில் பதினெட்டுப் பேர் பார்த்திருக்கிறார்கள். சேவல் இறங்கிப் போய்விட்டது. வைக்கோலுக்குள் இருந்த எலிகள் போகவில்லை. அதற்கப்புறம் இரண்டு கோடை, திட்டில் ஒரு குஞ்சுகூடப் பொரிக்கவில்லை.

தஸ்லிமா அதற்காகத்தான் பிச்சமுத்துவைத் தேடி வந்தார். பாலக்கரைப் பெண், புத்தூரில் ஒரு கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுப்பவர். ஆற்றுக்குள் மருந்து வைக்க முடியாது, கூண்டு வைத்துத்தான் பிடிக்க வேண்டும் என்றார். "ஒண்ணு விடாம பிடிக்கணும்ணே" என்றும் சொன்னார். முதலாளிகள் எல்லோரும் சொல்வதுதானே என்று பிச்சமுத்து தலையாட்டினார்.

மூன்று வாரத்தில் நூற்று நாற்பத்து மூன்று எலிகள். நூற்று நாற்பத்து நாலாவதாக விழுந்தது ஒரு பெண் எலி. இடது காதில் கிள்ளி எடுத்த மாதிரி ஒரு பள்ளம். திட்டில் பிள்ளையார் படம் கிடையாது. தெற்கே, ராஜகோபுரத்தையும் தாண்டி, வெயிலில் மங்கலாகத் தெரிந்த மலைக்கோட்டையின் உச்சியில் இருக்கும் பிள்ளையாரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டு, கதவைத் தூக்கினார். "போயிட்டு வா தாயி."

அது நடந்து பன்னிரண்டு நாளாயிற்று. எலி ஒழிந்த சேதி பறவைகளுக்கு எப்படித் தெரிந்ததோ, முப்பத்தெட்டு ஜோடிகள் வந்து முட்டை வைத்துவிட்டன. தினமும் காலையில் திட்டைச் சுற்றி மணலைச் சமப்படுத்தி, கால்தடம் இருக்கிறதா என்று பார்ப்பதும் பிச்சமுத்துவின் வேலைதான். ஒரே ஒரு தடம் தினமும் இருந்தது. அவர் அதைத் துண்டால் தட்டி அழித்துவிட்டு, "சுத்தம் மேடம்" என்று போனில் சொல்வார். பிள்ளையார் விஷயத்தையெல்லாம் விளக்கிக்கொண்டிருக்க முடியுமா? போன வாரம் இரண்டு குழிகளில் முட்டை ஓடு மட்டும் கிடந்தது. அதையும் மணலில் புதைத்துவிட்டு, காக்கா தூக்கிட்டுப் போச்சு என்று போனில் சொன்னார். அன்றைக்கு மட்டும் மலைக்கோட்டைப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

பதின்மூன்றாம் நாள் சாயங்காலம், கொள்ளிடக் கரை டீக்கடையில், தஸ்லிமா சந்தோஷத்தில் இரண்டாவது டீ சொன்னார்.

"நடுக்கடல்ல எத்தனையோ தீவுங்க இப்படித்தாண்ணே. கப்பல்ல வந்த எலி இறங்கி, முட்டை, குஞ்சு எல்லாத்தையும் தின்னு தீர்த்துடுச்சு. பறவை போச்சா, எச்சமும் போச்சு. அந்த எச்சம் கரைஞ்சு கடல்ல இறங்கினாத்தான் பவளப்பாறைக்குச் சத்து, மீனுக்குத் தீனி. எலியை ஒழிச்ச தீவுல பறவையும் திரும்புது, மீனும் திரும்புது."

"எலிக்கும் மீனுக்கும் சம்பந்தமா? எங்க முதலாளிமாருக்குத் தெரிஞ்சா ஆலையில மீன் விட்டுருவாங்க."

"ஆனா ஒண்ணு. ஆயிரம் எலியைப் பிடிச்சுட்டு ஒரே ஒரு சினை எலியை விட்டாப் போதும். அது எட்டு போடும். அந்த எட்டு, மூணு மாசத்துல குட்டி போடும். ஒரு வருஷத்துல பழையபடி ஆயிடும். இந்த வேலையில கடைசி எலிதாண்ணே எலி. மத்ததெல்லாம் சும்மா."

டீ பிச்சமுத்துவின் மூக்கு வழியாக வந்தது.

"என்னண்ணே?"

"இஞ்சி காரம், மேடம்."

வீட்டுக்குப் போய்ப் படுத்தவருக்கு, கண்ணை மூடினால் எட்டெட்டாகப் பெருக்கல் வாய்ப்பாடு ஓடியது. உண்மையைச் சொன்னால் தஸ்லிமாவின் முகத்தைப் பார்க்க முடியாது. சொல்லாவிட்டால் முப்பத்தாறு குழிகளும் ஒவ்வொன்றாகக் காலியாகும். அதைப் பிடித்துவிட்டால் பிள்ளையாரின் முகத்தைப் பார்க்க முடியாது. விடியும்போது ஒரு முடிவுக்கு வந்தார். பிள்ளையார் மலைமேல் தூரத்தில் இருக்கிறார். தஸ்லிமா பக்கத்தில் இருக்கிறார்.

காலையில் பரிசல்காரன் அன்புச்செல்வன் கேட்டான். "என்ன மாமா, எல்லாம் பிடிச்சு முடிச்சாச்சுன்னு சொன்னீங்க, இவ்வளவு பெரிய கூண்டு எதுக்கு?"

"மேடத்துக்குக் காட்ட."

"மேடம் கரையில இருக்காங்க. கூண்டை அந்தாண்ட கொண்டுட்டுப் போறீங்க."

"பரிசலைத் தள்ளுடா."

பெருச்சாளிக்காக அவரே இரும்புக் கம்பியில் பின்னிய கூண்டு அது. ஒரு பூசணிக்காயைத் தாராளமாக உள்ளே வைக்கலாம். உள்கொக்கியில் இரையை இழுத்தால், கூண்டு எப்படி இருந்தாலும் ஸ்பிரிங்கில் கதவு விழும். விழுந்த கதவு பல்லில் மாட்டிக்கொள்ளும். அதைத் திறக்க ஒரு சாவிக் கம்பி வேண்டும். உள்ளே போனது வெளியே வரக் கூடாது என்பதைத் தவிர அதற்கு வேறு கொள்கை கிடையாது.

நாலு மணிக்கு வருவதாகச் சொல்லி அன்புச்செல்வன் போய்விட்டான். பிச்சமுத்து கொக்கியில் கருவாட்டைக் குத்தி, பையைக் கீழ்மணலில் வைத்துவிட்டு, நாணலுக்குள் எலி வளையைத் தேடினார். பதினொரு மணிக்குக் கரையில் ஒரு ஆட்டோ மைக்கில் கத்திக்கொண்டே போனது. கரையோர மக்கள் என்பது மட்டும் காதில் விழுந்தது. தான் கரையோரத்தில் இல்லாததால் அவர் அதைப் பொருட்படுத்தவில்லை.

பன்னிரண்டு மணிக்கு மனைவி ராக்கம்மாள் போன் செய்தாள்.

"ஏங்க, மேல கோடை மழை கொட்டுதாம். முக்கொம்பு அணையில கொள்ளிடத்துக்குத் தண்ணி தொறந்துட்டாங்களாம். எங்க இருக்கீங்க?"

"வெளியில."

"வெளியிலன்னா?"

"நடுவுல."

அவள் பேசியது எல்லாவற்றையும் எழுத முடியாது. அவர் கீழ்மணலுக்கு ஓடியபோது அங்கே கீழ்மணல் இல்லை. பை இல்லை. பைக்குள் இருந்த சாவிக் கம்பியும் சாப்பாட்டுத் தூக்கும் சீர்காழி நோக்கிப் போய்க்கொண்டிருந்தன.

தண்ணீர் கோபமாக வரவில்லை. வட்டிக்காரன் மாதிரி நிதானமாக, ஒவ்வொரு சாணாகக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தது. ஒரு மணிக்குத் திட்டு பாதியாயிற்று. இரண்டு மணிக்கு, நடுமேடும் அதன்மேல் முட்டைகளும் சுற்றிலும் செம்மண் நிறத் தண்ணீரும்தான். கூண்டைத் தூக்கிக்கொண்டு மேட்டின் ஓரத்தில் அவர் ஒதுங்கியதும், எழுபதுக்கும் மேற்பட்ட ஆலாக்கள் ஒரே குரலில் கத்திக்கொண்டு அவர் தலைமேல் பாய்ந்தன. இரண்டு கொத்தில் ரத்தம். அதற்குமேல் எச்சம். மீனுக்குத் தீனியாக வேண்டியதெல்லாம் அவர் சட்டையில் இறங்கியது. நகரலாம் என்றால் எந்தப் பக்கம் கால் வைத்தாலும் முட்டை. குனியலாம் என்றால் முதுகில் கொத்து. கையில் இருந்த ஒரே கவசத்தைக் கவிழ்த்துத் தலையில் மாட்டிக்கொண்டார்.

அது புத்திசாலித்தனம்தான். இரும்புக் கம்பியில் அலகு மோதித் திரும்பியது. கருவாடு மூக்குக்கு நேரே ஊஞ்சலாடியது. மூன்றாவது நிமிஷத்தில் அவருக்குத் தும்மல் வந்தது.

மூக்கு கருவாட்டை இடித்தது. கருவாடு கொக்கியை இழுத்தது. கதவு விழுந்தது. முப்பத்தைந்து வருஷமாக அவர் கேட்டுச் சந்தோஷப்பட்ட அந்த டப்பென்ற சத்தம் முதல் தடவையாக உள்ளேயிருந்து கேட்டது. கதவின் விளிம்பு தாடைக்குக் கீழே வந்து நின்று, பல்லில் கடித்துக்கொண்டது. கழுத்தை நெரிக்கவில்லை, பிடரிப் பக்கம் ஒரு கை நுழைகிற இடைவெளிகூட இருந்தது. ஆனால் தாடை வெளியே வராது. இழுத்துப் பார்த்தார். திருகிப் பார்த்தார். தன் வேலைப்பாட்டின் நேர்த்தி அவருக்கு எரிச்சலாக இருந்தது.

கூண்டுக்குள் எலி முதலில் சுற்றும். அப்புறம் கம்பியைக் கடிக்கும். அப்புறம் ஒரு மூலையில் உட்கார்ந்து ஒரே திசையைப் பார்க்கும். பிச்சமுத்து சுற்ற முடியாததால் நேராக மூன்றாவது கட்டத்துக்கு வந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். வடகரையில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. தென்கரையில் ராஜகோபுரம் நின்றது. இரண்டுக்கும் கூப்பிடு தூரம்தான்; கூப்பிட்டால் ஆலாக்களின் கத்தலில் அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. வெயில் கம்பிகளைச் சுட வைத்தது.

மூன்று மணிக்கு நாணலுக்குள் தண்ணீர் ஏறியது. அங்கிருந்து அது வந்தது.

நனைந்து, வயிறு தரையில் உரச, மெதுவாக வந்தது. காதில் பள்ளம். மேட்டின் ஓரத்தில் ஏறி, முதல் முட்டைக்கு இரண்டு முழத்தில் நின்றது. ஆலாக்கள் பிச்சமுத்துவை விட்டுவிட்டு அதன்மேல் பாய்ந்தன. பின்னால் தண்ணீர், முன்னால் பறவை, ஓட ஒரு புல்கூட இல்லை. வயிற்றைப் பார்த்ததும் பிச்சமுத்துவுக்குப் புரிந்துவிட்டது. இன்றோ நாளையோ என்று இருந்தது.

அது அவரைப் பார்த்தது. அவர் கம்பிக்குள்ளிருந்து அதைப் பார்த்தார். கருவாட்டு வாசனை இரண்டு பேருக்கும் நடுவில் ஆடியது.

கையால் பிடிக்கப் போனால் தண்ணீரில் குதித்துவிடும். மூன்று மைல் நீந்துகிற ஜாதி, தண்ணீர் வடிந்ததும் திரும்பி இங்கேதான் வரும். அவருக்குத் தெரிந்த வித்தை ஒன்றே ஒன்று. கூண்டு அசையக் கூடாது. கூண்டுக்குள் தன் தலை இருக்கிறது என்பது ஒரு சின்னச் சங்கடம், அவ்வளவுதான். மூச்சை அடக்கினார். ஈ மூக்கில் உட்கார்ந்தது. உட்காரட்டும் என்று விட்டார். எச்சம் கண்ணிமையில் விழுந்தது; இமைக்கவில்லை. ஒரு ஈரக் கால் அவர் பாதத்தில் பட்டது. அப்புறம் முழங்கால். அப்புறம் முதுகுத்தண்டு வழியாக, ஒவ்வொரு முள்ளெலும்பாக நின்று யோசித்து, பிடரிக்கு வந்தது. இடைவெளியில் மீசை நுழைந்தது. தலை நுழைந்தது. வயிறு கொஞ்சம் சிரமப்பட்டு நுழைந்தது. அவர் காது மடலில் கால் வைத்து ஏறி, மூக்கின்மேல் உட்கார்ந்து, கருவாட்டைத் தின்ன ஆரம்பித்தது.

பிச்சமுத்து இடுப்பிலிருந்த துண்டை மெல்ல உருவி, கழுத்தைச் சுற்றி, இடைவெளியில் அடைத்து இறுக்கினார். இனி அதுவும் போக முடியாது. அவரும் போக முடியாது.

"தலைவரே," என்றார் மலைக்கோட்டை இருந்த திசையில், வாயை அதிகம் திறக்காமல், "நான் பிடிக்கலை. ரெண்டு பேரும் ஒரே கூண்டுல மாட்டிக்கிட்டோம். நீங்களே பார்த்தீங்க."

போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார். ஸ்ரீரங்கக் கரையில் பைனாகுலரோடு தஸ்லிமா.

"யா அல்லாஹ்! அண்ணே, தலையில என்னண்ணே அது?"

"கூண்டு மேடம்."

"ஃபயர் சர்வீஸ்ல சொல்லியாச்சு, போட் வருது, பயப்படாதீங்க. கூண்டுக்குள்ள ஏதோ ஆடுதே?"

"எலி மேடம்."

"எலி ஏது? பதிமூணு நாளா எலியே இல்லையே."

பொய் சொல்ல நல்ல நேரம்தான். வெள்ளத்தில் மிதந்து வந்தது என்று சொன்னால் யாரும் மறுக்க முடியாது. ஆனால் மூக்கின்மேல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டே அதைப்பற்றிப் பொய் சொல்ல அவருக்கு வரவில்லை.

"நான்தான் விட்டேன். பிள்ளையார் பங்குன்னு. ஆலையில அதான் முறை."

"தடம்?"

"அழிச்சேன்."

"ரெண்டு கூடு காலியாச்சே, முட்டையைக் காக்கா தூக்கிட்டுப் போச்சுன்னீங்களே?"

"காக்கா இல்ல, மேடம்."

"கரைக்கு வாங்கண்ணே. அங்க வச்சுப் பேசிக்கிறேன்." சார்ஜ் தீர்ந்து போன் அணைந்தது. அது ஒன்றுதான் அன்றைக்கு அவருக்கு உதவியது.

தீயணைப்புக்காரர்களின் ரப்பர் படகு வந்து சேர நாலரை ஆயிற்று. இரண்டு பேர் இறங்கினார்கள். ஒருவர் கூண்டைப் பார்த்தார், கூண்டுக்குள் இருந்த இரண்டு முகங்களையும் பார்த்தார், சர்வீஸில் பார்க்காததா என்பதுபோல இரும்பு வெட்டும் கத்தரியை எடுத்தார்.

"ஐயா, தலையை ஆட்டாதீங்க. ஒரே நிமிஷம், வெட்டி விட்டுடறேன்."

"இங்க வேண்டாங்க."

"என்னது?"

"இங்க வெட்டினா இது இறங்கிடும். இது இறங்கினா எல்லாம் போச்சு. அப்படியே கொண்டு போங்க."

"ஐயோ, அது உங்க கண்ணுக்கு நேரா பல்லைக் காட்டிட்டு இருக்கு!"

"அதுக்கும் பயம்தாங்க."

படகு குலுங்கிய ஒவ்வொரு குலுக்கலுக்கும் எலி எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. மூன்று தடவை காதைப் பிடித்தது. ஒரு தடவை கீழுதட்டை. பிச்சமுத்து கண்ணை இறுக மூடிக்கொண்டு, கையைத் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். வெளியே இருந்தால் துண்டை உருவிவிடும்; தன் கையின்மேல் அவருக்கு நம்பிக்கை இல்லை.

கரையிலும் வெட்ட விடவில்லை. ஆற்றங்கரையில் விட்டால் ஆற்றுக்குத்தான் போகும். பொந்தே இல்லாத, கதவு சாத்துகிற அறை வேண்டும். அப்படி ஒன்று தஸ்லிமாவின் கல்லூரி ஆய்வகத்தில் இருந்தது. தஸ்லிமா தீயணைப்புக்காரரிடம் கத்தரியை இரவல் வாங்கிக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினார். பிச்சமுத்து பின்னால் உட்கார்ந்தார். மாம்பழச்சாலை சிக்னலில் ஒரு போலீஸ்காரர் பின்னால் உட்கார்ந்திருப்பவர் தலையில் ஏதோ இருக்கிறது என்று திருப்தியாகப் பார்த்துக் கைகாட்டி அனுப்பினார்.

காவிரிப் பாலத்தின்மேல் அவர் பிடரியில் ஏதோ சூடாக விழுந்தது.

"மேடம்."

"பேசாதீங்கண்ணே. நான் கோவமா இருக்கேன்."

"இல்ல, ஒண்ணு பொறந்திருச்சு."

இரண்டாவதும் பாலத்திலேயே. மூன்றாவது சத்திரம் பேருந்து நிலையத்தில், ஒரு மண்ணச்சநல்லூர் பஸ் ஹார்ன் அடித்த அதிர்ச்சியில். தில்லைநகரில் டிராஃபிக் அதிகம் என்பதால் அங்கே மட்டும் மூன்று. புத்தூர் நாலுரோடு வருவதற்குள் எட்டாகிவிட்டது. எல்லாம் கழுத்தைச் சுற்றிய ஈரத்துண்டில், அவரைக்கொட்டை அளவில், கண் திறக்காமல் அவர் தோலோடு ஒட்டி நெளிந்துகொண்டிருந்தன. தஸ்லிமா வேகத்தைக் குறைத்து, பள்ளம் பார்த்து ஓட்டினார்.

ஆய்வகத்தில் தஸ்லிமா ஜன்னல்களைச் சாத்தினார். கதவடியில் கோணியை மடித்துச் செருகினார். கைகழுவும் தொட்டித் துளைக்குச் செங்கல் வைத்தார். அதற்குள் போன் வந்தது, அன்புச்செல்வன். கரையிலிருந்து கத்தினான்.

"மேடம்! தண்ணி நின்னுடுச்சு! மேட்டுக்கு ஒரு சாண் கீழ நிக்குது. ஓரத்துல இருந்த ஏழு கூடு போச்சு. மிச்சத்துல எல்லாம் பட்சிங்க உட்கார்ந்துடுச்சு. மாமா உசிரோட இருக்காரா?"

"இருக்காரு. இருபத்தொம்பது கூடா? நல்லா எண்ணிப் பாருங்க." போனை வைத்துவிட்டு தஸ்லிமா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, கூண்டுக்கு நேரே உட்கார்ந்தார். உள்ளே பார்த்தார். எலியையா அவரையா என்று சொல்ல முடியவில்லை.

"ஒண்ணே ஒண்ணைத்தான் விட்டீங்களா?"

"ஒண்ணே ஒண்ணுதான். பிள்ளையார் சத்தியமா..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். உதட்டுக் காயம் எரிந்தது. "என்னை நம்பாதீங்க மேடம். எலி இல்லாத நாளை முதல்லேர்ந்து எண்ணுங்க. தடம் பார்க்க வேற ஆளைப் போடுங்க."

"வேற ஆளுக்கு நான் எங்க போக? அந்த வெயில்ல, அந்தக் கொத்துக்கு நடுவுல யார் வருவா? நீங்களே பாருங்க. உங்களை அன்புச்செல்வன் பார்ப்பான்."

பிச்சமுத்து தலையாட்ட நினைத்தார். இடமில்லை.

"இதுங்களை என்ன செய்வீங்க?"

"கண்ணாடித் தொட்டி இருக்கு. மூடி போட்டது." தஸ்லிமா கத்தரியை எடுத்துக்கொண்டு எழுந்தார். "வெட்டலாமா?"

"முதல்ல குட்டிங்களை எடுத்துடுங்க," என்றார் பிச்சமுத்து. "துண்டு ரொம்ப ஈரமா இருக்கு."